எண்ணெய்த் தலையோடு திரும்பினேன்

நல்லெண்ணெய் வாசம் வீடு முழுக்க நிற்கிறது. உச்சியில் வைத்துத் தேய்த்த கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சாரல் தொடங்கிவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் குற்றாலச் சீசன்.

உன்னை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. உன் அண்ணனைக் கட்டி வந்த புதிதில், தபாலாபீசில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். "மதினி போட்டு முடிக்கதுக்குள்ள ஆபீசப் பூட்டிருவாவ" என்று சொல்லிச் சிரித்தாய். நீலப் பாவாடை கட்டியிருந்தாய். மறப்பேனா?

அந்த நீதான், வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டர் படித்து, குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று சொல்ல ஒரு ஆப் செய்தாய். அருவிக்கரையில் நிற்பவர் அமுக்கினால், வீட்டில் இருப்பவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரும். ஒரு வருஷம் நீயும் அங்கே டீக்கடை வைத்திருக்கும் உன் சிநேகிதியும் மட்டும் வைத்திருந்தீர்கள். ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஊருக்கெல்லாம் வெளியிட்டாய்.

மறுநாளே என் ஃபோனில் மூன்று வந்தது. மூன்றுதானே பெரிசு, தண்ணீர் அமோகம் என்று தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. வெள்ளமாம், குளிக்கக் கூடாதாம். ஆலங்குளத்தில் இருந்து ஒரு குடும்பமே என்னைப் போல எண்ணெய் வழிய நின்றது. நேரே உன் வீட்டுக்கு வந்தேன்.

"மூணுன்னா தடைன்னு எனக்கு வெளங்குதே, மதினி" என்றாய்.

"நீ பொங்குன சோத்துல கல்லு எங்கன கெடக்குன்னு ஒனக்குத் தெரியும். ஊருக்கு எல போட்டாச்சுல்லா, இனிப் பொறுக்கித்தான் ஆவணும்."

முறைத்தாய். ஆனால் அன்று மாலையே உன் ஃபோனில் ஊரார் ஏச்சு வந்து குவிந்தது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்றார் வீரகேரளம்புதூர்க்காரர் ஒருவர். படிக்கப் படிக்க உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இரண்டு பேருக்குள்ளேயே கிடந்திருந்தால் இதையெல்லாம் திருத்தியிருக்கவே மாட்டேன் என்று நீயே சொன்னாய்.

அப்புறம் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கே தடுமாறுகிறேன் என்று பார்க்கப் பின்னால் நின்றாய். உன் ஆயுளில் நீ பேசாமல் நின்றது அன்று ஒரு நாள்தான். எழுத்துக் கூட்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் எண்கள் போய்ப் படங்கள் வந்தன. படத்தைத் தொட்டால் நீ பேசிப் பதிந்து வைத்த குரலும் வந்தது. அதற்குப் பிறகு குளிக்கப் போக நான் யாரிடமும் கேட்டதில்லை.

இன்று காலையும் படத்தைத் தொட்டேன். "மதினி, இன்னைக்கிக் குளிக்கலாம்" என்றாய். ராயகிரியில் மீசைக்காரர் தொட்டாலும் நீ மதினி என்றுதான் கூப்பிடுகிறாய். மாற்றிவிடட்டுமா என்று உன் மகள் கேட்டாள். தொட்டால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டேன்.

தபாலாபீஸ் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அது தனி. எண்ணெய் கழுத்துக்கு இறங்குகிறது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அருவித் தண்ணீர் மணிக்கு மணி மாறும். அதனால் தலையை நனைக்கும் முன்னால் நானும் ஒரு தடவை அமுக்கிச் சொல்வேன். எங்கேயோ எவளோ எண்ணெய்க் கையோடு உன் குரலுக்குக் காத்திருப்பாள்.