பின் வளவுக் கேற்

09.09.2023

இன்று மதில் கட்டி முடிந்தது. பின் வீட்டுச் சுபாஜினியும் அவளுடைய புருசன் ஜெயசுதனும் பன்னிரண்டு வருடமாக எங்கள் வளவு ஓரத்தால்தான் றோட்டுக்கு ஏறினார்கள். அவர்களுடைய கோழிகள் என் கத்தரிக் கன்றுகளைக் கிளறியதில் தொடங்கிய சண்டை. என் புருசன் காணி உறுதியை எடுத்துப் பார்த்தார். பாதை என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. பின்பக்கத்துத் தோட்டத்துக்கு நாங்கள் போய்வர மட்டும் ஒரு இரும்புக் கேற் வைத்துப் பூட்டியிருக்கிறோம். திறப்பு என்னிடம்.

உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருக்கிறது. இதில் எழுதாமல் வேறு எங்கே சொல்வது?

17.09.2023

ஜெயசுதன் மேசன் வேலைக்குச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல் வரம்பால் போகிறான். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

28.10.2023

மழை. வயலில் முழங்கால் அளவு தண்ணீர். அவர்களுடைய பிள்ளை வெள்ளைச் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ரியூசனுக்குப் போனாள். இவர் சிரித்தார். நானும்தான்.

21.11.2023

காலை ஒன்பது மணியிருக்கும். சுபாஜினி கேற்றைத் தட்டினாள்.

"அக்கா, இவருக்கு நெஞ்சு நோகுதாம். வேர்த்துக் கொட்டுது. ஓட்டோ உங்கடை முத்தத்தாலை வரட்டும். இண்டைக்கு மட்டும்."

என் புருசன் சந்தையில். அவருக்குப் போன் எடுத்தேன்.

"திறக்காதை. ஒருக்காத் திறந்தியெண்டால் அதுதான் பாதையெண்டு வழக்குப் போடுவினம்."

திறப்பு என் கைக்குள் இருந்தது. அவர் சந்தையால் வரட்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் இன்னொரு தரம் கேட்டாள். நான் திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நாலு பேர் வயல் தண்ணீருக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனார்கள். றோட்டுக்கு ஏற முதலே உயிர் போய்விட்டதாம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் தப்பியிருக்கமாட்டான் என்கிறார் இவர். தப்பியிருக்கமாட்டானோ? ஆருக்குத் தெரியும். நான் ஏன் திறக்கேல்லை — ஒரு பூட்டுத்தானே.

22.11.2023

பெட்டியும் வயலால்தான் போனது.

21.12.2023

அந்தியேட்டி, ஜெயசுதனுடைய முப்பத்தோராம் நாள். எங்களுக்குச் சொல்லவில்லை. சனமெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பால் போய் வந்தது. முன் வீட்டு வித்தியா என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் பார்த்தாள். சந்தையிலும் ஒருவரும் இவரோடு கதைப்பதில்லையாம். உறுதி எங்கடை பக்கம்தானே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். இப்போது என்னிடம் மட்டும்தான் சொல்கிறார்.

18.01.2024

இவரிடம் கேட்காமல் பூட்டைக் கழற்றிக் கேற்றை விரியத் திறந்துவிட்டேன். கண்டார். உள்ளே போய்விட்டார்.

27.01.2024

ஒன்பது நாளாகத் திறந்தே கிடக்கிறது. இன்றும் சுபாஜினி சைக்கிளை உருட்டிக்கொண்டு சேற்றுக்குள்ளால்தான் வந்தாள். கேற்றடியில் நின்று, இந்தப் பக்கத்தால் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை.

"உந்தக் கேற்றைப் பூட்டி வையுங்கோ அக்கா. உங்கடை ஆடு வந்து எங்கடை மிளகாயைத் தின்னுது."

பூட்டிவிட்டு வந்தேன்.