சரசுவின் தலையில் கோத்த நீர்

சரசு, எங் கண்ணு,

அன்னைக்கு அந்த டாக்டர் ரூமுக்குள்ள யார் யார் இருந்தோம்னு சொல்றேன், கேட்டுக்க. சக்கர நாற்காலியில நீ. உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு அக்கா நான். ஜன்னலோரமா உன் வீட்டுக்காரர் ராமசாமி. கதவுகிட்ட என் மக கவிதா. டாக்டர் மேசைக்கு எதிர்ல உன் மகன் செல்வராசு. நீ கட்டியிருந்தது மாம்பழக் கலர் சுங்குடிச் சேலை. பாத்தியா, எல்லாம் ஞாபகம் இருக்குது. போன தை மாசம் கேட்டிருந்தா உன் பேரையே யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன்.

உனக்கு வந்ததேதான் எனக்கும் வந்துச்சு. காலைத் தூக்கி வெக்கலாம்னா பசை போட்டு ஒட்டின மாதிரி தரையை விட்டு வராது. ஒண்ணுக்கு அடக்க முடியாது. அடுப்புல என்ன வெச்சோம்னு தெரியாது. உன்னை வயசாச்சுன்னு சொன்ன வாயெல்லாம் என்னையும் அதையேதான் சொல்லுச்சு. கவிதாதான் விடலை. "சித்தி நடந்த மாதிரியே நடக்கறீங்கம்மா"ன்னு கூட்டிக்கிட்டுப் போனா.

இந்தத் தடவை ஒரு டாக்டர் அம்மணி. பொறுமையாச் சொல்லுச்சு. மூளைக்குள்ள சின்னச் சின்ன அறைங்க இருக்குதாம். அதுக்குள்ள கொத்துக் கொத்தாப் பூ மாதிரி ஒண்ணு, ரத்தத்திலிருந்து கண்ணீராட்டம் தெளிஞ்ச தண்ணியை எடுத்து ராப்பகலா ஊற வெக்குதாம். நாளைக்கு அரை லிட்டர்! மூளை அதுலதான் மிதக்குது. அந்தத் தண்ணி மூளையைச் சுத்தி, முதுகுத்தண்டு வரைக்கும் போயிட்டு, மறுபடி ரத்தத்துலயே கலந்துருமாம். ஊறறதும் வடியறதும் சமமா இருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியாது.

"வடியறது குறைஞ்சா ஊறறதை நிறுத்திக்காதுங்களா?"ன்னு கேட்டேன்.

"நிறுத்தாதுங்கம்மா. அது பாட்டுக்கு ஊறிக்கிட்டேதான் இருக்கும். நிறைஞ்சு நிறைஞ்சு மூளையை அமுக்கும்."

"அதுக்கு எங்க தோட்டத்துக் கிணறே தேவலைங்க அம்மணி. ஒரு மட்டத்துக்கு வந்தா நின்னுக்கும்."

அது சிரிச்சுது. எனக்குத்தான் சிரிப்பு வரலை. உன் நெனப்பு வந்துருச்சு.

அன்னைக்கு உன் டாக்டரும் இதைத்தானே சொன்னாரு? "தலைக்குள்ள நீர் சேந்திருக்கு, ஆபரேசன் பண்ணணும்"னாரு. உன் வீட்டுக்காரர், "நீர் கோத்துக்கிச்சுங்களா டாக்டர்?"னாரு. அவரும் "ஆமாங்க"ன்னுட்டாரு. போதாதா? நமக்கு நீர் கோக்கறதுன்னா தலைக்குத் தண்ணி வாத்துட்டுத் துவட்டாம விட்டா வர்ற தலைபாரம்தானே. "இதுக்குப் போயி மண்டையில ஓட்டை போடறேங்கறான் பாருங்க"ன்னு நம்ம ஊரு தொண்டாமுத்தூர் வர்ற வரைக்கும் காருக்குள்ள ஒரே சிரிப்பு. நீயும் சிரிச்சே. வீட்டுக்கு வந்து நீர்க்கோவை மாத்திரையை இழைச்சு நெத்தியில பத்துப் போட்டோம். சாம்பிராணி புடிச்சோம். "சுகமா இருக்குதுக்கா"ன்னு கண்ணை மூடிக்கிட்டே. அந்த முகம்தான் கண்ணு இன்னும் எங்கண்ணுக்குள்ள நிக்குது.

தெரியாம செஞ்சது. அதுல யார் மேலயும் எனக்கு வருத்தமில்லை.

செல்வராசோட புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை முடிஞ்ச மறுவாரம், அந்த வீட்டு வழுவழுத் தரையிலதான் விழுந்தே. அப்புறம் எந்திரிக்கவே இல்லை. உன் கருமாதி அன்னைக்கு அவன் எங்காலைப் புடிச்சுக்கிட்டு அழுதான். "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க பெரியம்மா. இது நீர்க்கோவை இல்லை, மூளைத் தண்ணின்னு டாக்டர் எங்கிட்டத் தனியாப் படத்தைக் காட்டிச் சொன்னாரு. ஆபரேசன்னா புண்ணியார்ச்சனை தள்ளிப்போகுமேன்னு பேசாம இருந்துட்டேனுங்க." எல்லாரும் அவனைத் தேத்துனாங்க. நான் காலை உதறிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவன் வீட்டுப் பச்சைத் தண்ணி குடிக்கலை.

எனக்கு முதுகுல ஊசி போட்டு அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துப் பாத்தாங்க. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல நானா நடந்தேன், சரசு! நடந்துக்கிட்டே அழுதேன். நர்ஸு சந்தோசம்னு நெனச்சுது. உனக்கும் இவ்வளவுதானே பண்ண வேண்டியிருந்துச்சு?

"ஓட்டையைப் போடுங்க"ன்னு நானே சொல்லிப்போட்டேன். இப்ப காதுக்குப் பின்னால தோலுக்கடியில ஒரு சின்ன மடை வெச்சிருக்காங்க. அதுலிருந்து ஒரு குழாய் உள்ளயே எறங்கி வயித்துக்குப் போகுது. மிச்சத் தண்ணி அங்க வடிஞ்சு, உடம்பே இழுத்துக்குது. நேத்து நானே தனியா பஸ் ஏறி உன் வீட்டுக்காரரைப் பாத்துட்டு வந்தேன்.

தலை தெளிஞ்ச பொறவு கவிதா ஒண்ணு சொன்னா. "நடுவுல ஒருநாள் செல்வராசு அண்ணன் வந்தாரு. நீங்களே காப்பி வெச்சுக் குடுத்து, 'சாப்பிட்டுப் போ சாமி'ன்னீங்க."

"நானா?"

"ஆமாங்கம்மா. அண்ணன் அழுதுட்டாரு. நீங்க மன்னிச்சுட்டீங்கன்னு நெனச்சிட்டாரு."

"மன்னிக்கலை. மறந்திருந்தேன்"னேன்.

நீ இருந்தா மன்னிச்சிருப்பே. பெத்தவ மன்னிக்கலாம். பெரியம்மாளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உன் மருமகளுக்குப் பலகாரம் குடுத்தனுப்புவேன், உன் பேரனை மடியில வெச்சுக்குவேன், உன் வீட்டுக்காரருக்கு நல்லது கெட்டது பாப்பேன். இந்த மடை தொறந்திருக்கறவரைக்கும் உன்னை ஒருநாளும் மறக்க மாட்டேன், இது சத்தியம். ஒருத்தனைத் தவிர எல்லாரும் எனக்கு வேணும். அந்த ஒருத்தன் செல்வராசு.

உங்கூடப் பொறந்த அக்கா,
மயிலாத்தாள்