கள்ளுக்கடையில் உன் பெண்சாதி

நாமக்கல் தாலூகா, தோட்டத்து வீடு
ஈசுவர வருஷம், பங்குனி

சிரஞ்சீவி கந்தவேலுக்கு உன் அப்பன் சுப்பையன் எழுதிக்கொள்வது. மாரியாத்தா கண் திறந்திருக்கிறாள், இங்கே நானும் உன் அம்மாவும், மருமகள் பெரியநாயகியும், தை மாதம் பிறந்த உன் மகனும், நம்மோடு இருக்கும் உன் அத்தை மாரக்காளும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். பம்பாயில் உன் உடம்பும் உத்தியோகமும் அதே போல் இருக்க வேண்டும். நீ போட்ட காகிதமும் கூட வந்த மாவுப்பால் டின்னும் கிடைத்தன. காகிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறும் வரை காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

என் பெண்சாதியைக் கைப்பிள்ளையோடு கள்ளுக்கடையில் உட்கார வைக்கிறீர்களாமே, மானம் போகிறதே என்று எழுதியிருக்கிறாய். அத்தை சொல்லி யாரோ எழுதிப் போட்ட வேலை அது. ஆமாம், உட்கார வைக்கிறேன், வெள்ளிக்கிழமைதோறும் நானே வண்டி பூட்டிக் கூட்டிக்கொண்டு போகிறேன். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கடையைப் பூட்டினார்களே, அந்தக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து அதில்தான் இப்போது தாய்சேய் நிலையம் நடக்கிறது. ஊர் வாய் பழைய பேரை விடமாட்டேன் என்கிறது. வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கள்ளுக்கடைக்குங்களா என்றுதான் கேட்கிறார்கள், ஆமாங்க என்று நானும் உரக்கச் சொல்லிவிட்டுப் போகிறேன். குடித்துக் கெட்ட இடத்தில் இன்று குடித்துப் பிழைக்கிறார்கள், குடிப்பது பச்சைப் பிள்ளைகள், அவ்வளவுதான். சேலத்திலிருந்து வரும் நர்ஸம்மா பிள்ளைகளைத் தராசில் போட்டு நிறுக்கிறார். பால் கட்டிக்கொண்டவளுக்கு ஒத்தடம் கொடுக்கிறார், பத்தியம் என்று பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள் என்று மாமியார்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார், எல்லாருக்கும் ஒரு சொம்பு கம்பங்கூழ் கொடுக்கிறார். நம் காட்டில் களை வெட்டுகிற கந்தம்மாளும் உன் பெண்சாதியும் ஒரே பாயில் உட்கார்ந்து பால் கொடுக்கிறார்கள். அத்தைக்கு எரிச்சல் அதில்தான். நம்மூட்டுப் பொண்ணு அவளோட குந்தறதுங்களா அண்ணா என்று கேட்டாள். கந்தம்மாள் மகன் தராசில் நம் பேரனை விடக் கனம், பொறாமைப்படுவதானால் அதற்குப் படு என்றேன்.

பிள்ளை பிறந்த அன்று நடந்ததை உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். முதல் மூன்று நாள் பாலைப் பீய்ச்சி மண்ணில் ஊற்றிவிட்டு, பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க அத்தை கிண்ணத்தோடு நின்றாள். மஞ்சளாச் சீழாட்டம் இருக்குதுங்க, புள்ளைக்கு ஆவாதுங்க என்றாள். பிரசவம் பார்க்க வந்திருந்த நர்ஸம்மா எவ்வளவோ சொல்லியும் நகரவில்லை. முதல் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தார்கள், அது தங்கவில்லை. பிரசவ அறை வாசலில் ஆண்பிள்ளை பேசக் கூடாதுதான், ஆனாலும் அத்தையைப் பார்த்துப் பேசினேன். நம் செவலைப் பசு கன்று போட்டபோது சீம்பாலில் வெல்லம் தட்டிப்போட்டுக் காய்ச்சி இரண்டு கிண்ணம் வழித்துத் தின்றாயே, அது என்ன நிறம், சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்று மாட்டுத் தரகனுக்கே பாடம் சொல்கிறவள் நீ, மாட்டுக்கு ஒரு நியாயம் என் மருமகளுக்கு ஒரு நியாயமா என்று கத்தினேன். உன் அம்மா அத்தை கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி முருங்கை அடியில் கவிழ்த்தாள். உன் மகன் முட்டி முட்டிக் குடித்த சத்தம் வாசல் வரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டின்னை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தாயை இழந்த பிள்ளை ஒன்று அங்கே வருகிறது, தண்ணீரைக் கொதிக்க வைத்து அதற்குக் கலந்து கொடுப்பார். நம் வீட்டில் தாய் இருக்கிறாள். நம் காட்டில் வேலை செய்கிற கைப்பிள்ளைக்காரிகள் நினைத்தபோது வரப்பேறிப் பால் கொடுக்கலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆளைக் கெடுக்கிறேன் என்று பேசுகிறார்கள், பேசட்டும்.

கடைசியாக, சித்திரையில் வந்து அவளைப் பம்பாய்க்கு அழைத்துப் போவேன், அதற்குள் பாலை மறக்கடித்துப் புட்டிக்குப் பழக்கி வையுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் பெரியநாயகிக்கு நான் வாசித்துக் காட்டினேன். எனக்கு எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசாத பெண். கதவைப் பிடித்துக்கொண்டு, புள்ளை தானா பால் மறக்கற வரைக்கும் நானு இங்கிருந்து வரலைங்க மாமா, மொதப் புள்ளையப் பொதைச்சுட்டு வந்தும் பால் நிக்காம மாரைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கெடந்தேனுங்க, அப்ப அவுங்க பம்பாய்ல இருந்தாங்க, இன்னொருக்கா அந்தத் துணியக் கட்ட மாட்டேனுங்க, இதை அப்படியே எழுதிப் போடுங்க என்றாள். அப்படியே எழுதிவிட்டேன், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல் சாமி.

உனக்கும் உன் பிள்ளைக்கும் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மகனுக்குப் பேர் வைக்க வைகாசியில் நாள் பார்த்திருக்கிறேன், மறக்காமல் லீவு கேட்டு வை. நீ வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குப் பேர் வைப்போம்.

உன் நன்மையை நினைத்திருக்கும் அப்பன்
சுப்பையன்