லேசான பெட்டியா, கனமான பெட்டியா

4 மார்ச் 2009, புதன்

எல்லாம் வந்துவிட்டது. போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், பெங்களூரில் வேலை பார்க்கும் திருமலை அண்ணன் பஸ்ஸில் அனுப்பிய பழைய கிராபிக்ஸ் கார்டு. கேம் ஆடுவதற்கென்றே என் கையால் ஒரு கம்ப்யூட்டர் கட்டப்போகிறேன். பிச்சாட்டூரில் வேறு எவளும் செய்திருக்க மாட்டாள் என்ற திமிர் நேற்றுவரை இருந்தது. பவர் சப்ளை மட்டும் பாக்கி. இன்று போனில் அண்ணன், "அதுல மட்டும் ஏமாந்துடாத தேனு. அது செத்தா தனியா சாவாது. போர்டு, கார்டு எல்லாத்தையும் இழுத்துக்கினு போவும்" என்றான். திமிர் போயிற்று.

இந்த வீட்டில் கரண்ட் என்றாலே பயம். போன ஆடியில் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் நைனாவைத் தூக்கி அடித்தது. அதிலிருந்து ஒரு சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். லைட் போடவும் அம்மாவைக் கூப்பிடுவார். மோட்டார் போடுவதும் அம்மாதான். இவர் தள்ளி நின்று வோல்ட் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்வார்.

7 மார்ச், சனி

திருப்பதி. நைனாவும் வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையை நடத்தும் யசோதா அக்கா இரண்டு பவர் சப்ளை பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கேபினெட்டோடு வருவது, லேசு. பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச். ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் 115. இன்னொன்று செங்கல் கனம். அதில் அந்த சுவிட்சே கிடையாது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் தானே சமாளிக்குமாம். "மீ ஊர் கரண்டுக்கு இதே மஞ்சிதிம்மா" என்று தெலுங்கு கலந்து சொல்லி, கனமானதுதான் நல்லது என்று தட்டிக் காட்டினார்.

அதன்மேல் 600 வாட்ஸ் என்று போட்டிருந்தது. நைனாவின் முகம் மாறிவிட்டது. "அவ்ளோ இழுத்தா நம்ம வூட்டு ஒயர் தாங்காது கண்ணு. தூங்கறப்போ பத்திக்கினா?"

அது கொடுக்கக்கூடிய அளவு, எப்போதும் இழுக்கிற அளவு இல்லை. எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனாலும் "பத்திக்கினா" என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. லேசானதையே வாங்கிவிட்டேன். நைனா டீ குடிக்க வெளியே போனபோது அக்கா எச்சரித்தார்: சிவப்பு சுவிட்ச் 230-லேயே இருக்கட்டும், தாக்கொத்து, தொடவே தொடாதே.

8 மார்ச், ஞாயிறு

ஓடுகிறது! ஆனால் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. எர்த் சரியில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள்.

11 மார்ச், புதன்

சாயங்காலமானால் அணைந்து அணைந்து வருகிறது. வயலுக்கு மோட்டார் கரண்ட் விட்டதும் ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஓடும். வீட்டு பல்பு பழுத்துவிடும். "மீட்டர்ல நூத்திமுப்பதுதான் காட்டுது" என்றார் நைனா. கேம் லோட் ஆகும், பட்டென்று போகும். மறுபடியும். கார்டு போயிடுமோ? அண்ணனுக்கு என்னான்னு சொல்றது? அழுதேன். நைனா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

13 மார்ச், வெள்ளி

என்ன மாயமோ, பல்பு பழுத்திருந்தும் இன்று அணையவே இல்லை. ரேஸில் இரண்டாவதாக வந்தேன். ஆனால் ஏன் ஓடுகிறது? தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருக்கிறது. சீக்கிரமே அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.

14 மார்ச், சனி

வெடிச்சிடுச்சி.

மோட்டார் கரண்ட் நின்றது. பல்பு பளீரென்று வெளுத்தது. உடனே பெட்டியில் டமார் என்று சத்தம், புகை, நாற்றம். கத்தினேன். கால் நகரவே இல்ல. நைனாதான் வெறுங்காலோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். ஐயோ, கரண்ட் அடிச்ச அதே கை! ஒண்ணும் ஆவல. அவருக்கு ஒண்ணும் ஆவல.

"நாந்தான் கண்ணு அந்த செவப்ப தள்ளிவுட்டேன். நீ அழுதுக்கினு இருந்தியே. மீட்டர்ல நூத்திமுப்பது, அதுல நூத்திபதினஞ்சு. கிட்டத்துல இருக்குதேன்னு..."

சுவிட்சையே தொடாத மனுஷன் எனக்காகத் தொட்டிருக்கிறார். மோட்டார்கள் நின்றால் வோல்டேஜ் எகிறும், 115-இல் வைத்த பெட்டி அதைத் தாங்காது என்று அவருக்கு யார் சொன்னது?

17 மார்ச், செவ்வாய்

நைனா சரியாகச் சாப்பிடுவதில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கமே போவதில்லை, முள்ளைப் பார்க்கக்கூட. கார்டு போனால் போய்த் தொலையட்டும். இவர் இப்படியே ஒடுங்கிவிடுவாரோ?

19 மார்ச், வியாழன்

யசோதா அக்கா சோதித்துப் பார்த்தார். போர்டு செத்தது, கார்டு பிழைத்தது. வேறு போர்டும் அந்தக் கனமான பெட்டியும் வாங்கி வந்தேன். நைனாவைக் கேட்கவில்லை.

20 மார்ச், வெள்ளி

மாட்டியாயிற்று. எர்த் கம்பியும் புதிதாக அடித்தாயிற்று. ஆன் செய்யத்தான் தைரியம் வரவில்லை. அண்ணன் போன் செய்தான். பழைய பெட்டி எப்படிப் போச்சு என்று கேட்டான். "மட்டமான பெட்டிண்ணா, தானா வெடிச்சிடுச்சி" என்றேன்.

வாசற்படியில் நின்றிருந்த நைனா உள்ளே வந்து போனை வாங்கினார். "டேய், அவ பொய் சொல்றா. நாந்தான் தள்ளிவுட்டேன். பயந்துக்கினு லேசான பொட்டிய வாங்க வச்சதும் நாந்தான்." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "போடு கண்ணு."

"நீ வெளிய நில்லு நைனா."

"எதுக்கு? போடு."

என் தோள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"ஓடுது" என்றார். "கண்ணத் தொற."