வளைவில் நீ மலையாளம் பேசாத காலை

இன்று காலை வண்டன்மேட்டுக்கு ஏறுகிற ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுகிறவர் நல்ல பாட்டுப் பைத்தியம். ஏற்றம் முழுக்கப் பழைய தமிழ்ப் பாட்டு, அதன் மேல் அவருடைய சொந்தக் குரல் வேறு. போலீஸ் நிற்கிற அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கை மட்டும் நீண்டு பாட்டை அணைத்தது. வளைவில் ஒரு ஈ காக்கை இல்லை. மழைத்தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாண்டியதும் அதே கை மறுபடி பாட்டை வைத்தது. ஏன் அண்ணே அணைத்தீர்கள் என்று கேட்டேன். "எதை?" என்று என்னைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

இதை உடனே உன்னிடம் சொல்லவேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் புத்தி வந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்து அடுத்தது வந்துவிட்டது, இன்னும் எனக்குப் பழகவில்லை. சொல்ல வந்ததை எங்கேயாவது சொல்லியாக வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்ட அன்று உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை, தெரியுமா? நீ பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே தென்னந்தோப்பும் கிணறும் உள்ள வீட்டுப் பெண். நான் வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். சாலையில் போலீஸ்காரர்கள் எந்த வண்டியை நிறுத்துகிறார்கள், எதைக் கையசைத்து விடுகிறார்கள், அதில் தமிழ் ஆட்கள் என்பதற்கு ஏதாவது பங்கு உண்டா என்று பார்க்கிற ஆய்வுக்கு நம் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். தோப்பு வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்தேன். நீயோ எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுக்கொண்டிருந்தாய். நாற்காலியிடம்கூட 'தள்ளுங்க' என்று சொல்லிவிடுவாய் போலிருந்தது. நான் கிண்டல் செய்தபோது நீ அசரவில்லை. "நீ பேசறது பேச்சா சண்டையான்னே தெரியறதில்ல புள்ள. ரெண்டுல எதுன்னு மொதல்லயே சொல்லிப்போடு" என்றாய். அன்றைக்கே நமக்குள் சரியாகிவிட்டது.

டீக்கடையில் ஒரு நாள் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். சின்ன வயதில் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகும்போது உங்கள் காரை ஒருநாளும் நிறுத்தமாட்டார்களாம். பின்னால் வருகிற, கூலி ஆட்கள் நிறைந்த டெம்போவை எப்போதும் நிறுத்துவார்களாம். ஏனப்பா என்று நீ கேட்டதற்கு, "அவீங்க வேலைக்குப் போறவீங்க, நாம வேலை குடுக்கறவீங்க" என்றாராம் அவர், ரொம்பச் சாதாரணமாக. இதைச் சொல்லிவிட்டு வடையைப் பிய்த்துத் தின்றாய். அப்பாவைக் குறை சொல்கிற குரல் இல்லை அது. ஆனால் அந்தப் பதில் உனக்குள் முள்ளாகக் கிடந்தது என்று எனக்குப் புரிந்தது.

நாம் செய்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். வளைவுக்கு எதிரே இருந்த சேட்டனின் டீக்கடைதான் நம் ஆபீஸ். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக வரும். தமிழ் வண்டி எது என்று நம்பர் பிளேட்டை வைத்துச் சொல்ல முடியாது, பாதிப் பேர் கேரளா பதிவுதான். அதனால் போலீஸ்காரர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுவோம் என்றாய். நெற்றியில் திருநீறு, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி, கண்ணாடியில் எழுதிய சாமி பெயர், பாடுகிற பாட்டு. நல்ல யோசனைதான். ஆனால் நம் நேரம், இரண்டு மூன்று நாளிலேயே தமிழ் ஜீப்புகள் வருவதே நின்றுபோனது. வேறு வண்டிகள் எல்லாம் வருகின்றன, இவை மட்டும் இல்லை. தோட்டத்தில் ஏதோ பிரச்சினை என்றுகூட நான் எழுதி வைத்தேன்.

கடைசியில் சேட்டன்தான் விஷயத்தை உடைத்தார். மலையில் எதிரே வருகிற வண்டிக்கு முன்விளக்கை விட்டு விட்டு அடித்தால், முன்னால் செக்கிங் இருக்கிறது, பார்த்து வா என்று அர்த்தம். காகிதமும் கையுமாக இரண்டு பெண்கள், அதில் ஒருத்திக்குக் காக்கி நிறத்தில் மழைக்கோட்டு. நம்மைத்தான் பெரிய செக்கிங் என்று நினைத்து மலை முழுக்க விளக்கடித்திருக்கிறார்கள். ஜீப்புகள் எல்லாம் எஸ்டேட் மண்பாதை வழியாகச் சுற்றிப் போயிருக்கின்றன. வியாபாரம் படுத்துவிட்டது, தயவுசெய்து வேறு கடைக்குப் போங்கள் என்று சேட்டன் கும்பிடாத குறையாகச் சொன்னார். நீ உன் கோட்டைக் குனிந்து பார்த்தாய். பிறகு சிரித்தாயே ஒரு சிரிப்பு, டீ மூக்கில் ஏறி, நான் உன் முதுகில் தட்டி... அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் கோட்டை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் ஜீப்புக்கு உள்ளே உட்கார்ந்து போவது என்று முடிவெடுத்தோம். பேச்சியம்மா என்கிற தொழிலாளி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடம் கிடைக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். நீ ஏலக்காட்டுப் பெண்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு உட்கார்ந்து, "ஊட்டுல எத்தன பேருங்க?" என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தாய். ஊடு என்றதற்கே ஜீப் முழுக்கச் சிரித்தது.

வளைவில் போலீஸ் கை நீண்டது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். பேச்சியம்மாவை ஒரு போலீஸ்காரர் மரியாதையில்லாமல் 'எடி' என்று கூப்பிட்டார். உனக்குப் பொறுக்கவில்லை. நீ முன்னால் போய்ப் பாலக்காட்டு மலையாளத்தில், தண்ணீர் மாதிரி, நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள், நேரமாகிறது என்று பேசினாய். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "டீச்சர் ஆணோ? நேரத்தே பறயண்டே!" டீச்சரா, முன்னமே சொல்லக்கூடாதா என்று குழைந்து, ஜீப்பையே தட்டி அனுப்பினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெண்களுக்கும்தான். பேச்சியம்மா மட்டும் கொஞ்ச தூரம் போனபின், எந்தக் குத்தலும் இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார்: "நாளைக்கும் வருவியாத்தா?"

அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை. சாயங்காலம் ஆனைக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இனி அந்த வளைவில் மலையாளம் பேசமாட்டேன் என்றாய். நான் கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குள் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் கங்காணி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய கூலி போச்சு. வாயில் மொழியை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பது என்ன நியாயம், உன் ஆய்வு அவர்கள் அடுப்பை அணைத்துத்தான் நடக்கவேண்டுமா என்று கேட்டேன். நீ கோபப்படவே இல்லை.

"நான் பேசுனா என்னைய உட்டுடறாங்க புள்ள. அவீங்கள உட்ட மாதிரி ஆகறதில்ல" என்றாய். "எதுக்கும் அவீங்களையே கேட்டுப்போடலாம்."

கேட்டாய். மறுநாள் ஜீப் கிளம்பும் முன்னால், ஒளிவு மறைவு இல்லாமல், பேசினால் இது, பேசாவிட்டால் இது என்று சொல்லிக் கேட்டாய். பெண்களுக்குள் பெரிய விவாதம். இரண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்று இறங்கி வேறு ஜீப்புக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் பேச்சியம்மா முடித்து வைத்தார். "பேசாதத்தா. நீ வராத அன்னைக்கி எங்களுக்கு யாரு பேசுவா? என்ன நடக்குதுன்னு முழுசா பாத்துட்டுப் போ."

அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்று நின்றிருந்தது வேறு போலீஸ்காரர். எங்கே போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். "வேலைக்குங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, தலையில் துண்டோடு, மழையில், பெண்கள் வரிசையில் நீ நின்றாய். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சீட்டுக்கு அடியில் பார்த்தார்கள். ஆள் கூடுதல் என்றார்கள், கூடுதல்தான், பொய் இல்லை. அப்போதுதான் நமக்குப் பின்னாலிருந்து சுற்றுலா ஜீப்புகள் வந்தன. உள்ளே உட்கார இடமில்லாமல் பையன்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கி விசிலடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கை நீளவில்லை. ஓரமாகப் போங்கள் என்று வழிவிடத்தான் கை அசைந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் வாய் துறுதுறுத்தது. பேசாதே என்று கண்ணாலேயே சொன்னாய்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரட்டு முடிந்திருந்தது. கங்காணி கையை விரித்துவிட்டார். எல்லாரும் திரும்பி நடந்தோம். நீ தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வந்தாய். ரோட்டோரத்தில் பேச்சியம்மா தூக்குச்சட்டியைத் திறந்து உன் கையில் ஒரு உருண்டை வைத்து, "கூலிதானத்தா போச்சு, சோறு இருக்குல்ல. தின்னு" என்று அதட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றாய். அன்றிலிருந்து அவர்களுக்கு நீ ஆய்வுக்காரி இல்லை. 'ஊட்டுக்காரப் புள்ள' ஆகிவிட்டாய்.

பிறகு உனக்கு மார்பில் கட்டி என்றார்கள். கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்தார்கள். தலைமுடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இப்போது வளைவில் என்னை நிறுத்துவார்களா என்று வீடியோவில் காட்டிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறைக்கவா முடியும்?

அறிக்கையை முடித்தேன். நீ சொன்ன மாதிரியே, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன். போன மாதம் அதன்மேல் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். போலீஸ் மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார், மரியாதையான மனுஷர், முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். ஆள் கூடுதலாக ஏற்றினால் நிறுத்தத்தானே வேண்டும் என்று அவர் கேட்டார். சுற்றுலா ஜீப்புகளைப் பற்றி நாம் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டி மலையாளத்தில் பதில் சொன்னேன். கேட்டுவிட்டு, டீச்சர் பேசுவதைப் பார்த்தால் தமிழ் என்று தோன்றவே இல்லையே என்று பாராட்டினார். உனக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்த அதே பாராட்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

பேச்சியம்மாவும் வந்திருந்தார், அன்றைய வேலையை விட்டுவிட்டு. அவர் எழுந்ததும் அதிகாரி என் பக்கம் திரும்பினார். அவர் சொல்வதை நான் மலையாளத்தில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார். எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. பேச்சியம்மாவைவிட நன்றாக, கோர்வையாக, அறை முழுக்க அசந்துபோகும்படி நான் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. எழுந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மலையில் தமிழ் புரியாதவர் யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதிகாரி தொண்டையைச் செருமினார். "சொல்லுங்கம்மா" என்றார், தமிழில்.

பேச்சியம்மா சொன்னார். "சந்தேகம்னா எங்கள சோதன போடுங்க சார், வேணாங்கல. எல்லாரையும் நிறுத்துனா நாங்களும் நிப்போம். எங்கள மட்டும்னா, ஏன்னு சொல்லிட்டு நிறுத்துங்க." பெரட்டைப் பற்றிச் சொன்னார், திரும்பி நடந்த நாட்களைப் பற்றிச் சொன்னார், 'எடி' என்று கூப்பிட்டதையும் விடவில்லை. அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். சந்தேகம் வந்த இடத்தில் தமிழிலேயே கேள்வி கேட்டார். இனி ஒவ்வொரு வண்டியையும் எதற்காக நிறுத்தினோம் என்று எழுதி வைக்கச் சொல்கிறேன் என்றார். செய்வாரா என்று தெரியாது. இன்று காலை வளைவில் ஆளே இல்லாததை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன், மழையாகவும் இருக்கலாம்.

வெளியே வந்ததும் பேச்சியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வாய் கிழியப் பேசுவியே, உள்ள ஏன் கல்லு மாதிரி நின்ன? அந்த ஊட்டுக்காரப் புள்ள இருந்துருந்தா என் பக்கத்துல வந்து நின்னுருக்கும்."

என் இடத்திலேயே நின்றாலும், அவர் பேசி முடிக்கிறவரைக்கும் நானும் அவர் பக்கம்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் போன்ற வாயாடிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.