எம் பேர் இல்லாத வம்சாவளி

22-4-66 வெள்ளி

வெயில். மெஷினைத் தொட்டா சுடுது.

வெக்கமாத்தான் இருக்குது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். திண்டிவனத்துல அச்சடிச்சி வந்த வம்சாவளித் தாளைக் காலையிலேர்ந்து திரும்பத் திரும்ப பார்த்தேன், எம் பேரைத் தேடி. கடைசில திருப்பிப் போட்டு பின்பக்கமும் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஜாக்கெட் கொடுக்க வந்த அம்மா, "இன்னா தையல்காரரே, வெத்துத்தாளைப் படிக்கிறீங்க?"

முன்பக்கம் கொட்டை எழுத்துல: "நம் வகையறா வம்சாவளி. அரும்பாடுபட்டு ஆராய்ந்து தொகுத்தவர்: தேவராஜன், தமிழாசிரியர்." என் பங்காளிதான். பெரியப்பா மகன் முறை. இனிமே இதுல தே.ரா. முழுப் பேர் எழுதற அளவுக்கு மசி விலை மலிவு இல்ல.

அரும்பாடாம். பட்டவன் நானு. அளவு கொடுக்க வர நம்ம ஜனம் ஒருத்தரையும் விட்டதில்ல. தோள் அளக்கும்போது தாத்தா பேரு, கழுத்து அளக்கும்போது தாத்தாவோட நைனா பேரு. கழுத்துல டேப் இருந்தா எவன் ஓட முடியும்? எழுத்து எனக்கு மூணாவதோட சரி. அதனால காடாத்துணில பேரை மட்டும் மசியால எழுதி, அப்பனுக்கும் புள்ளைக்கும் நடுவுல மெஷின்ல நூல் ஓட்டுனேன். பெத்த புள்ளைக்கு சிவப்பு, சுவீகாரத்துக்கு நீலம். எனக்குக் கீழ நூல் கிடையாது. எங்களுக்குப் புள்ள இல்ல. அதான் தொகுத்தவன்னு ஒரு ஓரத்துல எம் பேர் நின்னா போதும்னு இருந்தேன்.

பொங்கலப்போ, "ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்"னு தே.ரா. துணியை வாங்கிட்டுப் போனான். எடுத்துட்டுப் போக பையும் நானே தெச்சிக் கொடுத்தேன். பையும் வரல.

23-4 சனி

பஸ் ஸ்டாண்டு டீக்கடை. தே.ரா. குடையோட. நாலு பேர் முன்னால கேட்டுட்டேன்.

"அண்ணே, தாளு பிரமாதம். அரும்பாடு பட்டேன்னு போட்டிருக்கீங்களே, எந்த எடத்துல பட்டுது? மருந்து போட்டீங்களா?"

"ஜெயபாலா, விளையாடாதே. தொண்டூர், வல்லம்னு ஊர் ஊரா அலைஞ்சி நான் சேகரிச்சது."

"அப்ப என் துணி?"

"ஆமா, ஏதோ ஒரு அழுக்குத்துணி கொடுத்தே. அதுல எழுத்துப்பிழை திருத்தவே எனக்குப் பொழுது சரியா இருந்தது. பாட்டன் பேரெல்லாம் உன் வீட்டுச் சொத்தா?"

டீக்கடையே சிரிச்சிது. என்னைப் பார்த்துத்தான். அடுத்த வாட்டி அவனுக்கு சட்டை தெச்சா அக்குள்ல குண்டூசி.

ஒண்ணாந்தேதி எங்க வகையறாவுல ஒரு கல்யாணம். தாளை அங்க எல்லாருக்கும் கொடுக்கப் போறானாம்.

வூட்டுல எம் பொண்டாட்டி பத்மா: "துணியைக் கொடுக்கும்போதே நான் சொன்னேன் இல்ல?" அவ சொல்லல. இருந்தாலும் ஆமான்னுட்டேன். சோறு வேணும்.

25-4 திங்கள்

கடை லீவு. தொண்டூர் போனேன், பஸ்ல நின்னுக்கிட்டே. அங்க எங்க ஒண்ணுவிட்ட பெரியம்மா, தே.ரா.வோட அம்மா இல்ல, வேற கிளை. துணில பாதி பேரு அவங்க சொன்னது. கல்யாணத்துல அதைச் சொல்லணும்னு கேட்கத்தான் போனது.

மோர் கொடுத்தாங்க. தாளை மகனைப் படிக்கச் சொன்னாங்க. அவரு படிச்சாரு: "ஆதிராஜ நயினார், அவர் தம்பி தோப்புக்கார நயினார்…"

பெரியம்மா எழுந்து நின்னுட்டாங்க. "தம்பியா? எந்தத் தம்பி? ரெண்டும் என் மாமனாருதாண்டா!"

அவங்க மாமனார் பேரை வாயால சொல்ல மாட்டாங்க. நம்ம வூட்டுப் பொம்பளைங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அன்னிக்கி நான் கேட்டப்போ "தோப்புக்காரரு"ன்னாங்க, எழுதினேன். வல்லத்துல ஆம்பளைங்க "ஆதிராஜன்"னாங்க, அதையும் எழுதினேன். ஒரே ஆளை ரெண்டா வெட்டித் தெச்சிட்டேன். பத்மா என்னிக்காவது எம் பேரைச் சொல்லியிருக்காளா? அது கூட தோணல எனக்கு.

கொஞ்ச நேரம் அசிங்கமா இருந்துது. திரும்பி வரும்போது சிரிப்பு பொத்துக்கிச்சி. பக்கத்து சீட்டு ஆளு தள்ளி உட்கார்ந்தாரு. தே.ரா. தொண்டூருக்குப் போயிருந்தா இந்தத் தப்பு வாசப்படியிலேயே மாட்டியிருக்கும். அவன் தாள்ல என் தப்பு ஒரு தையல் பிரியாம இருக்குது!

29-4 வெள்ளி

ரேஷன்ல சர்க்கரை இல்ல. ஜாக்கெட் 4. மாப்பிள்ளைக்கு ஜிப்பா. மாப்பிள்ளை பெரியம்மாவோட பேரன். அவனுக்கும் ஆதிராஜன்னு அந்தப் பழைய பேரையே வெச்சிருக்காங்க. பெரியம்மாவுக்கு மட்டும் அவன் "ராசா".

தே.ரா. ஆள் விட்டு சொல்லி அனுப்பினான். கல்யாணத்துல நான் வாயைத் திறக்காம இருந்தா, அடுத்த வாட்டி அச்சடிக்கும்போது "உதவி: ஜெயபாலன்"னு அடியில சின்ன எழுத்துல போடுவானாம். எனக்குக் கண்ணு மங்கல், சின்ன எழுத்து தெரியாதுன்னு பதில்.

1-5 ஞாயிறு

மேல்சித்தாமூர்ல கல்யாணம். தாலி ஆனதும் தே.ரா. தாளைக் கொடுக்க ஆரம்பிச்சான், விபூதி கொடுக்கற மாதிரி ரெண்டு விரல்ல. நான் எழுந்தேன்.

"அண்ணே, தோப்புக்காரருக்கும் ஆதிராஜருக்கும் எத்தினி வயசு வித்தியாசம்?"

"இரண்டு மூன்று வயது இருக்கும்."

"ரெண்டும் ஒரே ஆளு."

சத்தம். தே.ரா. கெட்டிக்காரன், அதுல சந்தேகம் இல்ல. நேரா பெரியம்மாகிட்ட திரும்பினான். "அப்படியானால் அம்மா வாயால் சொல்லட்டும். உங்கள் மாமனார் பெயர் என்ன?"

சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் கேட்டான். பெரியம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. எல்லாரும் பார்க்கறாங்க.

பெரியம்மா மெதுவா போயி மாப்பிள்ளை கையைப் புடிச்சாங்க.

"இவன் பேருதான் அவரு பேரு. தோப்பு வெச்சிருந்தாரு, அதனால தோப்புக்காரரு. ஒரு ஆளுக்குத்தான் நான் சோறு போட்டேன். ஏம்பா வாத்தியாரே, நீ எப்ப எங்க வூட்டுக்கு வந்து கேட்ட? எங்க வாசல்ல உன்னை நான் பார்த்ததே இல்லியே?"

பந்தல் பூரா சிரிப்பு. சமையக்காரன் கூட கரண்டியோட வந்து பார்த்தான். தே.ரா. முகம், ஊற வெச்ச காடாத்துணி.

பெரியவங்க சொல்லிட்டாங்க: தப்பைத் திருத்தி துண்டுச்சீட்டு அடிச்சி எல்லா தாள்லயும் ஒட்டணும். அதுல ஜெயபாலன் பேரு அச்சுல வரணும். துணியையும் திருப்பிக் கொடுக்கணும். தே.ரா., "செய்கிறேன்."

ஜைன வூட்டுக் கல்யாணம், பொழுது சாயறதுக்கு முன்ன சாப்பாடு. லட்டு கேட்டு வாங்கி சாப்பிட்டேன்.

9-5 திங்கள்

சொன்ன சொல் தவறல. துண்டுச்சீட்டு வந்தாச்சி. பார்த்து எழுதறேன்:

"திருத்தம். ஆதிராஜ நயினாரும் தோப்புக்கார நயினாரும் ஒருவரே. இப்பிழைக்குக் காரணம், செஞ்சி தையல்காரர் ஜெயபாலன் அளித்த தவறான தகவல். இங்ஙனம், தொகுத்தவர்."

பத்மாவுக்குப் படிச்சிக் காட்டுனேன். முந்தானையை வாயில வெச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. ரொம்ப நேரம் வரல.

எம் பேர்ல எழுத்துப்பிழை இல்ல. பார்த்துட்டேன்.

துணியும் வந்துது, பையோட. அழுக்குத்துணி இல்லியா, துவைச்சி அனுப்பியிருக்கான். மசி எல்லாம் போச்சி. பேர் ஒண்ணும் இல்ல, நூல் மட்டும் நிக்குது. நான் எங்க இருந்தேன்னு தேட வேண்டியதில்ல. நடுவுல நூல் நின்னுபோற எடம்.

பாவி. நாளைக்கி அளவு கொடுக்க வரவங்ககிட்ட முதல்லேர்ந்து கேட்கணும். மசி வேண்டாம், பேரையும் நூல்லியே ஓட்டணும்.

10-5 செவ்வாய்

காத்து. தூசி. டிராயர் 2 டெலிவரி.

எது எப்படியோ, அச்சுல வந்த பேரு. தாளைக் கடைக்கு வெளிய செவுத்துல ஒட்டி, துண்டுச்சீட்டை அடியில ஒட்டினேன். மைதா பசை, கொஞ்சம் கெட்டியாவே. பித்தான் வாங்கிட்டு வரதுக்குள்ள எதிர்வூட்டு ஆடு வந்து அடியிலேர்ந்து தின்னுட்டுது. பின்னங்கால்ல நின்னும் பார்த்துதாம். தே.ரா. பேரு மேல இருந்ததால எட்டல.