தோழர் மொக்கையனின் தோள் துண்டைச் சினிமாவில் இறக்கக் கூடாது என்பது குறித்து

அனுப்புநர்:
ஷே. பாதுஷா, த/பெ ஷேக் தாவூது,
குடை பழுது பார்ப்பவர் மற்றும் ஒற்றையாள் நாடக நடிகர்,
காஜிமார் தெரு, மதுரை.

பெறுநர்:
உயர்திரு சப்-கலெக்டர் அவர்கள்,
வைகை வடகரைக் கோட்டம், மதுரை.

பொருள்: தங்கள் அலுவலக வராந்தாவில் வரும் ஞாயிறன்று நடக்கவுள்ள சினிமாப் படப்பிடிப்பில், காலஞ்சென்ற தோழர் மொக்கையன் தன் துண்டை இறக்கி இடுப்பில் கட்டுவதாகக் காட்டவிருப்பதைத் தடுக்கக் கோருதல் சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் ஊருக்குப் புதியவர் என்பதால் தோழர் மொக்கையனைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சோழவந்தான் பக்கத்து வயல்களில் கூலியாட்களைத் திரட்டி, அறுப்பை நிறுத்தி, நடுரோட்டில் படுத்து, மாமியார் வீட்டுக்குப் போவது போல ஜெயிலுக்குப் போய் வந்த மனிதர். ஒருமுறை கூலிப் பேச்சுக்காகத் தங்களது இதே வராந்தாவுக்கு வந்தார். வாசலில் நின்ற டவாலிச் சேவகர், "ஐயா உள்ள இருக்காரு, துண்ட எடுத்து இடுப்புல கட்டுய்யா" என்றார். "நா கூலி பேச வந்திருக்கேன், சாமி கும்புட வரல" என்று சொல்லிவிட்டு, துண்டு தோளில் கிடக்க மொக்கையன் உள்ளே போனார். கூலியும் உயர்ந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அவர் பேரைச் சொன்னால் அந்தப் பேச்சைத்தான் முதலில் சொல்வார்கள்.

2. அவர் கதையை நான் ஒற்றையாளாக நடித்து வருகிறேன். சீன் படுதா கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. இருப்பது ஒரே ஒரு துண்டு. தோளில் கிடந்தால் மொக்கையன். தலையில் கட்டினால் பண்ணையார். முறுக்கிப் பிடித்தால் போலீஸ் லத்தி. வாயைப் பொத்தினால் மொக்கையனின் மனைவி ஒச்சாயி. (முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒச்சாயி அக்கா, "நா எப்படா வாயப் பொத்தி அழுதேன்?" என்று சத்தம் போட்டதால் அது நீக்கப்பட்டு, இப்போது துண்டை உதறினால் ஒச்சாயி.) இடுப்பில் பெல்ட்டு போலச் சுற்றினால் சப்-கலெக்டர். ஐயா மன்னிக்க வேண்டும். அந்த இடத்தில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது தங்களைப் பார்த்து அல்ல, தங்களுக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து.

3. கோச்சடையில் நான் நடித்ததைப் பார்த்த சென்னை டைரக்டர் ஒருவர், இதைப் படமாக எடுக்கிறேன் என்றார். நானும் வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டேன். அழகர்கோவில் மலையடிவாரத்தில் மொக்கையனுக்கு ஒரு டூயட் வைத்தார். பொறுத்துக்கொண்டேன். ஒச்சாயி அக்கா கூட, "எனக்குப் பதிலா ஆடுற புள்ள லட்சணமா இருக்காளா?" என்று மட்டும் விசாரித்தார். ஆட்டத்தில் கதாநாயகரின் துண்டு நழுவிக்கொண்டே இருந்ததால், மேக்கப்காரர் அதைச் சட்டையோடு சேர்த்து ஊக்குக் குத்தினார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

4. பொறுக்க முடியாதது கடைசிக் காட்சி. அதில் மொக்கையன் சப்-கலெக்டர் முன்னால் துண்டை இறக்கி, இடுப்பில் கட்டி, கும்பிடுகிறார். பதறிப்போய் ஏன் என்று கேட்டேன். "அண்ணே, நீங்க நடிச்சதத்தானே எடுக்குறேன்? கடைசில நீங்களே துண்ட இறக்கி இடுப்புல கட்டுனீங்களே, எனக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே" என்றார்.

ஐயா, அந்த இடத்தில் நான் சப்-கலெக்டராக மாறினேன். மொக்கையன் பணிந்துவிட்டார் என்று இந்த மகராசன் நினைத்துவிட்டார். கோச்சடையே சிரித்தபோது ஒருத்தர் மட்டும் அழுதிருக்கிறார், அவரிடம் போய் கேமரா சிக்கிவிட்டது. விளக்கமாக எடுத்துச் சொன்னேன். "அப்படியா? ஆனா இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

5. இந்தப் படத்தில் எனக்கும் ஒரு வேஷம் உண்டு. துண்டை எடுக்கச் சொல்லும் டவாலி வேஷம். கேட்டதும் என் மனைவி ஜெயினம்பு, "யா அல்லா, அம்புட்டு வேஷமும் கட்டுன மனுசனுக்குக் கடைசியில இதுதானா மிச்சம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டவாலி என்பதே தோளில் குறுக்காகப் போடுகிற துணிதான். சர்க்கார் துணி தோளில் கிடக்கலாம், மொக்கையன் துணி கிடக்கக் கூடாதா? அந்த வேஷத்தை நான் கட்டப் போவதில்லை.

6. சேதி கேட்ட ஒச்சாயி அக்கா இந்த முறை சத்தம் போடவில்லை. "லாக்கப்புல வச்சு அடிச்சப்பக்கூட அந்த மனுசன் துண்ட இறக்கல. செத்தவரு சண்டைக்கு வர மாட்டாருன்னுதான இறக்குறாய்ங்க?" என்று கேட்டார். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு தெரு கேட்கும். படம் என்றால் ஜில்லா முழுக்கப் பார்க்கும். மொக்கையன் கடைசியில் பணிந்துபோன ஆள் என்று அவர் பேரப்பிள்ளைகளே நம்பிவிடுவார்கள்.

7. படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்த தாங்கள், பூந்தொட்டியை உடைக்கக் கூடாது, வேப்பமரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருப்பதாக அறிகிறேன். தொட்டிக்கும் மரத்துக்கும் கிடைத்த பாதுகாப்பை மொக்கையனுக்கும் நீட்டித்து, "இவ்வளாகத்தில் எவர் தோளிலிருந்தும் துண்டை இறக்குவதாகப் படம் எடுக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். "சப்-கலெக்டர் சொல்லட்டும், மாத்துறேன்" என்று டைரக்டர் எகத்தாளமாகச் சொல்லியிருப்பதால், இனி எல்லாம் தங்கள் கையில்தான் இருக்கிறது. தாங்கள் அந்த வரியை எழுதினால், என் நாடகத்துச் சப்-கலெக்டருக்கு நிஜமான தோல் பெல்ட்டே போட்டுவிடுகிறேன். ஜனங்கள் சிரிப்பது நிற்கும் என்று மட்டும் உறுதி கூற இயலாது.

பதில் கேட்க வெள்ளிக்கிழமை நேரில் வருகிறோம். ஒச்சாயி அக்காவும் வருகிறார். மொக்கையனின் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் நிற்கும் டவாலியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அக்காவும் சாமி கும்பிட வரவில்லை.

இடம்: மதுரை
நாள்: 8-3-1983

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னமும் நம்பிக்கை வைத்திருக்கும்,
ஷே. பாதுஷா